உறைநிலத்தின் மேல் ஒரு நடமாடும் வீடு

1941 டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய பின்னர், கடல் மார்க்கம் அடைபட்டால் அலாஸ்காவுக்குப் படையும் தளவாடமும் அனுப்ப வழியில்லாமற் போய்விடுமே என்ற அச்சத்தினால், அமெரிக்க ராணுவத்தார் 1942 மார்ச்சில் தொடங்கி, அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் தேதியே திறப்பு விழாவும் நடத்திவிட்ட பாதைதான் அலாஸ்கா நெடுஞ்சாலை. அதை வெட்டிய 10,000-க்கு மேற்பட்ட வீரர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர், நிறபேதத்தால் தனிப் படைப்பிரிவுகளில் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பினத்தார் என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். 1948-இல் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட இச்சாலை, கனடாவின் டாசன் கிரீக்கில் புறப்பட்டு, ராக்கி மலைத்தொடரின் வடகோடியைக் கடந்து, யூக்கான் பிரதேசத்தை ஊடறுத்து, அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடிகிறது. இன்றைய நீளம் சுமார் 2,230 கிலோமீட்டர். கோடை பிறந்துவிட்டால் இதில் ‘ஆர்.வி.’ என்னும் நடமாடும் வீடுகள் சாரிசாரியாக வடக்கே போவதைக் காணலாம்.

லாரியின் அடிச்சட்டத்தின் மேல் படுக்கை, அடுப்பு, கழிவறை சகிதம் கட்டிய வாகனம் இது. நமது சினிமாப் படப்பிடிப்புத் தலங்களில் நட்சத்திரங்கள் இளைப்பாறும் ‘கேரவன்’ இதற்கு உறவுதான் என்றாலும், அது ஜெனரேட்டரின் தயவில் ஒரே இடத்தில் நிற்பது. இதுவோ மனித வாசனையற்ற காட்டில் தன் சம்ரட்சணையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியது. எஞ்சினுக்கு ஒரு பாட்டரியும் வீட்டுக்கு வேறு பாட்டரியும், நல்ல தண்ணீருக்கும் கழுவிய தண்ணீருக்கும் மலஜலத்துக்கும் தனித்தனியே மூன்று தொட்டிகளும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புரோப்பேன் வாயு நிரப்பிய கலமும் இதில் உண்டு. நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் புரோப்பேனோடு கலந்திருக்கும் பியூட்டேன், பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுத்துத் திரவமாகவே கிடந்துவிடும்; புரோப்பேனோ பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரை ஆவியாகக்கூடியதாகையால், வடதேசத்தில் அதுவே அடுப்புக்கும் கணப்புக்கும் ஆதாரம்.

இவற்றுள் எனக்கு மிக விசித்திரமாகத் தோன்றுவது, அதே வாயுவின் சுடரைக்கொண்டு குளிரை உண்டாக்கும் குளிர்ப்பெட்டி. 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாயிருந்த பிளாட்டன், முன்ட்டர்ஸ் என்னும் இருவர் கண்ட உபாயம் இது. சிறு சுடரொன்று அம்மோனியா கரைந்த நீரைச் சூடாக்க, அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலேறி, வெளிக்காற்றுப் படும் குழாயில் உஷ்ணத்தை இழந்து திரவமாகி, பின்னர் ஹைட்ரஜன் நிரம்பிய குழாய்க்குள் இறங்குகிறது. அங்கே அதன் பங்குக்குரிய அழுத்தம் குறைந்துவிடுவதால் மீண்டும் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய உஷ்ணத்தைப் பாலும் காய்கறியும் வைத்த பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சிக்கொள்வதால் பெட்டி குளிர்கிறது. பிறகு நீர் அந்த ஆவியைக் கரைத்துக்கொண்டு சுடருக்குத் திரும்புகிறது. பம்பு கிடையாது, ஓசை கிடையாது. சுடரின் சூடு மேலேற்ற, திரவம் தன் கனத்தினால் வழிந்தோடித் திரும்புவதே வேலை. ஆகவே, வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் தேங்கி, கொதிகுழாயில் ரசாயனம் படிந்து, பெட்டி அடியோடு கெட்டுப்போகும். சாயங்காலம் முகாமிடுவோர் சக்கரத்தின் கீழ்ப் பலகைகளைச் செருகி ரசமட்டம் வைத்துப் பார்ப்பது சுகநித்திரைக்காக மட்டும் அன்று. புதிய வண்டிகளில் பாட்டரியால் ஓடும் பெட்டிகள் வந்துவிட்டன; சௌகரியமானவைதாம், ஆனால் தீயினால் குளிரும் அந்த வேடிக்கை அவற்றில் இல்லை.

ஃபோர்ட் நெல்சனுக்கு மேற்கே மலை தொடங்குகிறது. ஏறத்தாழ 1,295 மீட்டர் உயரத்திலுள்ள சம்மிட் ஏரியே இச்சாலையின் சிகரம். ஏறுவதைவிட இறங்குவதே அபாயம். 7 டன் எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி, ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைப்பதற்குச் சமம். அவ்வளவையும் பிரேக் தகடுகளின் தலையில் சுமத்தினால் அவை பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். அனுபவசாலிகள் இறக்கத்துக்கு முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சினையே தடையாக்கி இறங்குவர். உப்பை நக்கச் சாலையில் இறங்கும் காட்டாடுகளுக்காகவும் அங்கே நிதானம் வேண்டும்.

யூக்கானில் க்ளுவானி ஏரிக்கு அப்பால், பிரச்சினை சாலையின் அடியிலேயே இருக்கிறது. அங்கே மண்ணடியில் பல நூற்றாண்டுகளாகக் கரையாத பனிக்கட்டி உண்டு. மேலே கம்பளிபோல் மூடிய பாசிப்படுகை வெயிலின் உஷ்ணத்தைக் கீழே விடாமல் காத்துவந்தது. 1942-இல் புல்டோசர்கள் அந்தப் பாசியைச் சுரண்டியெறிந்தவுடன் கட்டி உருகி, பாதை சேறாகி, யந்திரங்கள் புதைந்தன. பின்னர்ப் பொறியாளர்கள் பாசியைக் கலைக்காமல், அதன்மீது மரக்கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அதற்குமேல் சரளை கொட்டினார்கள். அந்தப் போர் இன்னும் ஓயவில்லை: கரிய சாலை வெயிலைக் குடித்து அடிநிலத்தை உருக்க, தளம் ஓரிடத்தில் அமிழ்ந்தும் ஓரிடத்தில் எழும்பியும் அலையலையாகிவிடுகிறது. 2008-இல் பீவர் க்ரீக் அருகே, காற்று புகும் பெருங்கற்களை அடுக்கியும் வெளிர்நிறக் கற்களைப் பரப்பியும் உஷ்ணத்தைத் தடுக்கும் வழிகளைச் சோதிக்க ஒரு பகுதியையே பரிசோதனைச் சாலையாக்கினர்.

அந்த அலைகளின் மேல் வீட்டு வண்டியின் வால்பகுதிதான் அதிகம் அவதிப்படுகிறது. பின்னச்சுக்கு அப்பால் நீண்டிருப்பதால் அது நெம்புகோல்போல் ஒன்றுக்கிரண்டாகத் தூக்கியெறியப்பட்டு, இறங்கும்போது தரையில் உராயவும் கூடும். கழிவுக்குழாய் பெரும்பாலும் அப்பக்கமே இருப்பது இன்னொரு கஷ்டம். அலமாரிக் கதவுகளைத் தாழிட்டு, வேகத்தைக் குறைத்து, முன்னே போகும் வண்டி எங்கே குதிக்கிறதென்று பார்த்துக்கொண்டே அலாஸ்கா எல்லை வரை ஓட்டவேண்டும்.