நீல ஒளியில் எழுதும் தட்டு

1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த சிடி, 1996-இல் வந்த டிவிடி, 2006-இல் திரைப்படங்களுடன் பரவிய புளூ-ரே ஆகிய மூன்று ஒளித்தட்டுகளும் 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உடையவை. ஆயினும் ஓர் அடுக்கில் அவை கொள்ளும் அளவு முறையே சுமார் 0.7, 4.7, 25 ஜிகாபைட் ஆகும். தட்டின் அளவு மாறாதிருக்கக் கொள்ளளவு மட்டும் பெருகியது எங்ஙனம்?

ஒளித்தட்டில் செய்திகள் சுருள் போன்ற தடத்தில் நுண்ணிய குறிகளாகப் பதிந்துள்ளன. லேசர் ஒளி அவற்றின்மீது பட்டுத் திரும்பும்போது ஏற்படும் மாறுதலைக் கருவி படித்தறிகிறது. ஒளிப்புள்ளி எவ்வளவு சிறிதோ, அவ்வளவு நெருக்கமாகக் குறிகளை இடலாம். புள்ளியின் விட்டம் ஒளியின் அலைநீளத்துக்கு நேர் விகிதத்திலும், லென்ஸ் ஒளியைக் குவிக்கும் திறனைக் குறிக்கும் எண்ணுக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும்.

இதனை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். டிவிடியில் அலைநீளம் 650 நானோமீட்டர். லென்ஸ் எண் 0.60. புளூ-ரேயில் 405 நானோமீட்டர், எண் 0.85. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் முறையே 1083, 476 கிடைக்கும். எனவே புள்ளியின் விட்டம் ஏறத்தாழ 2.27 மடங்கும், பரப்பு 5.2 மடங்கும் குறைகின்றன. 4.7-ஐ 5.2-ஆல் பெருக்கினால் சுமார் 24 வரும். தட்டின் கொள்ளளவாகிய 25-க்கு இது மிக அருகில் இருத்தல் காண்க.

உயர்தெளிவுப் படக்காட்சிக்கு வினாடிக்கு 25 மெகாபிட் வேண்டுமெனக் கொண்டால், இரண்டு மணி நேரத்துக்கு 22.5 ஜிகாபைட் தேவைப்படும். டிவிடியின் ஓரடுக்கில் அது 25 நிமிடமே நிற்கும். புளூ-ரேயின் ஓரடுக்கில் முழுவதும் அடங்கும். இரண்டடுக்குத் தட்டு 50 ஜிகாபைட்டும், 2010-இல் வகுக்கப்பட்ட நான்கடுக்குத் தட்டு 128 ஜிகாபைட்டும் கொள்ளும்.

இந்நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. லென்ஸின் திறன் மிகுந்தால், தட்டு சற்றே சாய்ந்தாலும் ஒளிப்புள்ளி சிதையும். அதைத் தவிர்க்க, குறிகளை மூடும் பிளாஸ்டிக் படலத்தை 0.1 மில்லிமீட்டராக மெலிதாக்கினர். டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். மெல்லிய படலத்தின்மேல் படியும் தூசியும் கீறலும் குறிகளுக்கு மிக அருகில் இருப்பதால், படிப்பதற்கு அதிக இடையூறு விளைக்கும். ஆகவே இத்தட்டுகளின் மேற்பரப்பில் கடினமான பூச்சு இடப்படுகிறது.

களப் பணியாளர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம். தட்டை விளிம்பிலும் நடுத்துளையிலும் மட்டுமே பிடிக்க வேண்டும். துடைப்பதாயின் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தல் கூடாது. வெயிலும் ஈரமும் படாத இடத்தில் உறையிலிட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும்.

பதிவுகளைக் காப்பதற்குத் தட்டு நன்றாயிருத்தல் மட்டும் போதாது. அதைப் படிக்கும் கருவியும் கிடைக்க வேண்டும். சோனி நிறுவனம் எழுதக்கூடிய புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. ஆதலின் திரும்பப் பெறவியலாத அளவீடுகளையும் படங்களையும் ஒரே தட்டில் வைத்து விடாமல், வேறு வகைச் சாதனமொன்றில் மற்றொரு படியும் எடுத்து, ஆண்டுக்கொரு முறை இரண்டையும் திறந்து சரிபார்த்தல் வேண்டும்.