குரங்கின் வைரஸும் மனிதனின் வைரஸும்

கல்லூரியில் பௌதிகம் போதிக்கும் எனக்கு ஆண்டுதோறும் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும் வேலை உண்டு. இருவரின் விடை சரியாக இருந்து ஒத்துப்போனால் ஐயப்பட ஏதுமில்லை. ஊசல் பரிசோதனையில் இருவரும் ஒரே தவறான அளவை எழுதியிருந்தால்? ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருப்பார். அல்லது இருவரும் மூன்றாமவரைப் பார்த்திருப்பார்கள். எய்ட்ஸ் வைரஸின் பூர்வீகம் தெரிந்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.

எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ். அது தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி நம் செல்லின் மரபுப் பொருளில் செருகிவிடுகிறது. இவ்வாறு பிரதி எடுக்கும் நொதி பிழை திருத்துவதில்லை. ஆகவே பிழைகள் தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகின்றன.

மனிதரைத் தாக்கும் எச்.ஐ.வி. இரு வகைப்படும். முதலாவது 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் கண்டறியப்பட்டது. இரண்டாவது 1986-இல் அறிவிக்கப்பட்டது. முதல் வகையில் ‘விபியு’ என்றொரு ஜீன் இருக்கிறது. இரண்டாம் வகையில் அது இல்லை. ‘விபிஎக்ஸ்’ என்ற வேறொன்று இருக்கிறது. இப்போது குரங்கினங்களின் வைரஸ்களைப் பாருங்கள். சிம்பன்சியின் வைரஸில் விபியு! மேற்கு ஆப்பிரிக்காவின் புகைநிற மாங்கபே குரங்கின் வைரஸில் விபிஎக்ஸ்! அப்படியானால் மனிதனின் இரு வைரஸ்களும் உடன்பிறப்புகள் அல்ல. வெவ்வேறு விலங்குகளிடமிருந்து தனித்தனியே வந்தவை. வேட்டையாடி இறைச்சி அறுக்கும்போது இரத்தத்தின் வழியே தொற்றியிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் கருத்து.

எந்தக் காட்டுச் சிம்பன்சி? காட்டு விலங்கிடம் இரத்தம் எடுப்பது எளிதா என்ன! தரையில் கிடந்த மலத்தைச் சேகரித்தே சோதித்தார்கள். உலகெங்கும் பரவியுள்ள எச்.ஐ.வி.க்கு மிக நெருங்கிய வைரஸ் தென்கிழக்குக் காமரூனின் சிம்பன்சிகளிடம் இருப்பது 2006-இல் தெரிந்தது.

எப்போது வந்தது? கின்ஷாசாவில் 1959-இலும் 1960-இலும் எடுத்த இரு மனித மாதிரிகளில் இவ்வைரஸ் இருந்தது. அவ்விரண்டுக்குமிடையே அப்போதே ஏராளமான வேறுபாடுகள்! பிழைகள் சேரும் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டபோது, பொது மூதாதை 1884-க்கும் 1924-க்கும் இடையில் வாழ்ந்ததாக 2008-இல் முடிவு வந்தது. கதிரியக்கக் கார்பனைப் போல் இது சீரான கடிகாரமன்று. அதனால்தான் இடைவெளி இவ்வளவு அகலம்.

ஆயினும் ஒரு வழக்கைத் தீர்க்க அதுவே போதும். பெல்ஜியக் காங்கோவில் 1950-களின் இறுதியில் கொடுத்த போலியோ சொட்டு மருந்தே எய்ட்ஸைப் பரப்பியது என்று ஒரு பேச்சு கிளம்பியது. இதை நம்பினால் பெற்றோர் குழந்தைக்குச் சொட்டு மருந்து தர அஞ்சமாட்டார்களா? வைரஸோ அம்மருந்துக்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. மருந்து தயாரிப்போடு தொடர்புபடுத்தப்பட்ட கிசங்கானிப் பகுதிச் சிம்பன்சிகளின் வைரஸும் வேறு கிளையைச் சேர்ந்தது என்று 2004-இல் தெளிவாகிவிட்டது.