றங்குப்பெட்டி: ஒரு கூட்டுச்சொல்லும் அதன் சமூக அடித்தளமும்

வட்டக்கச்சிக் குடியேற்றத்திட்ட வீடுகளில் வழங்கிவந்த ‘றங்குப்பெட்டி’ என்னும் சொல்லைத் தூய்மைவாதிகள் பிழைவழக்கு என்பர். ஆங்கில ‘ட்ரங்க்’ என்பதே பெட்டியைக் குறிக்க, மீண்டும் ‘பெட்டி’ எதற்கு என்பது அவர்தம் வினா. கற்றோர் தம் அவசரத்தைப் பாமரர் தலையில் அறியாமையெனச் சுமத்துதல் புதிதன்று.

மல்லிகை பூவே, எனினும் மல்லிகைப்பூ என்கிறோம். சிறப்புப்பெயரை அடுத்துப் பொதுப்பெயர் நிற்கும் இதனை இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்பது இலக்கண மரபு. ஜேர்மன் மொழியிற் கோவேறு கழுதைக்கு ‘மவுல்ட்டியர்’ என்று பெயர். இலத்தீன் ‘மூலுஸ்’ என்பதன் வழிவந்த முற்பகுதியே அவ்விலங்கைக் குறித்தது. விலங்கு எனப் பொருள்படும் பிற்பகுதி தெளிவு கருதிச் சேர்ந்தது. றங்குப்பெட்டியும் இவ்வினத்ததே.

யாழ்ப்பாணத்தவர்க்குப் பெட்டி எனின் பனையோலையால் இழைத்ததே முதலில் நினைவுக்கு வரும். பூட்டும் தகடுமாய் வந்த புதுப் பண்டத்தைப் பிரித்தறிய அடைமொழி வேண்டியதாயிற்று. மொழிமுதலில் மெய்ம்மயக்கம் வாராமையின் டகரம் கெட்டது. ஈற்றில் உகரம் ஏறியது. ‘ட்ரங்க்’ தானும் அடிமரத்தைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே. மேலும், அலுமாரி போர்த்துக்கேயர் தந்தது, லாச்சி ஒல்லாந்தர் தந்தது. நம்மை ஆண்ட மூவரும் பொருளைச் சேமித்து வைக்கும் கலமொன்றின் பெயரையேனும் விட்டுச்சென்றனர் என்பது மனங்கொளத்தக்கது.

அவ்வாறாயின் வட்டக்கச்சியிற் பூட்டிவைக்கப்பட்டது யாது? இரணைமடு நீரை நம்பிக் காடழித்த குடியேற்றவாசிக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் உறுதியை வழங்கவில்லை; அனுமதிப்பத்திரத்தையே வழங்கிற்று. மக்கள் அதனைப் ‘பேமிற்’ என்றனர். நிலம் அரசினது, உழைப்பு அவரது. இரண்டையும் பிணைத்தது பெட்டியிற் கிடந்த தாள். பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து ஆண்மக்களை முற்படுத்திய அட்டவணை 2022இலேயே திருத்தப்பட்டது. அதுவரை அப்பெட்டியின் திறப்பு மகளின் கையில் இருந்தபோதும் காணி அவளுக்கு எளிதில் எட்டவில்லை.

2009 சனவரியிற் கிளிநொச்சி வீழ்ந்ததையடுத்துக் கிழக்கே விசுவமடு, புதுக்குடியிருப்பு எனப் பெயர்ந்தோரால் றங்குப்பெட்டியைத் தொடர்ந்து சுமக்க இயலவில்லை. தாள்கள் சொப்பிங்பைக்கு மாறின. சொப்பிங்பையும் இருபெயரொட்டோ எனில், அன்று. அதன் முற்பகுதி பையைக் குறிப்பதன்று. பையும் வழியிலே தொலைந்தோர், மீண்டு வந்தபின், தாம் வெட்டிய காணி தமதே என்பதற்கு அயலவரைச் சாட்சியாக அழைத்துச் செல்ல நேர்ந்தது.