செயற்கைக்கோள் சமிக்ஞை மறைவது ஏன்?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள அம்மலையை மூடுபனி அடிக்கடி போர்த்திவிடும். அதற்குத் தென்கிழக்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் நிற்கிறது. இத்தகைய மலைகளின்மேல் சிறு விமானத்தில் பறப்பவர், தாம் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்திருத்தல் வேண்டும். அதற்குத் துணைசெய்வது கையடக்க ஜி.பி.எஸ். கருவி. அதன் திரையில் சமிக்ஞை இல்லை என்னும் அறிவிப்புத் தோன்றினால், கருவி பழுதாகிவிட்டது என்று உடனே முடிவு செய்தல் கூடாது. குறை கருவியில் இருக்கலாம், சுற்றுப்புறத்தில் இருக்கலாம், வானத்திலும் இருக்கலாம்.

கருவி இயங்கும் முறை

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் ரேடியோ அலைகள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நம்மை அடைகின்றன. அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. இடத்தையும் உயரத்தையும் அறியக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் தேவை.

நெடுந்தொலைவு கடந்து வருவதால் அவ்வலைகள் மிகவும் வலுக்குறைந்தவை. மூடுபனியும் மேகமும் அவற்றைத் தடுப்பதில்லை. ஆனால் மலைச்சரிவு, உலோகக் கூரை, நீர் சொட்டும் அடர்ந்த இலைகள் ஆகியவை தடுக்கும் அல்லது நலிவிக்கும். எனவே, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத பனியில் கருவி நன்றாக இயங்கலாம். தெளிந்த பகலில் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் தடுமாறலாம்.

சரிபார்க்கும் வரிசை

1. பறக்கும் முன், மின்கலத்தில் போதிய மின்சாரம் உள்ளதா, ஆண்டெனாவின் இணைப்பு இறுக்கமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

2. கருவியை வானம் தடையின்றித் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். சில விமானங்களின் முன்கண்ணாடியில் உள்ள மெல்லிய உலோகப் பூச்சு அலைகளைத் தடுக்கும். அங்கு வெளி ஆண்டெனா உதவும்.

3. அருகிலுள்ள கைப்பேசி, மின்னேற்றி போன்றவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். எதை அணைத்ததும் சமிக்ஞை திரும்புகிறதோ, அதுவே இடையூறு.

4. நெடுநாள் பயன்படுத்தாத கருவிக்குப் பொறுமையாக நேரம் தர வேண்டும். செயற்கைக்கோள்களின் முழுப் பட்டியலையும் அது பெற 12½ நிமிடங்கள் ஆகும்.

5. திரையில் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் கோடுகளை நோக்க வேண்டும். எல்லாக் கோடுகளும் தாழ்ந்திருந்தால் ஆண்டெனாவையோ மின்னிடையூற்றையோ ஐயுறலாம். ஒரு திசைக் கோடுகள் மட்டும் இல்லையெனில், அத்திசையில் தடை உள்ளது எனலாம்.

வானம் தரும் இடையூறு

இவை அனைத்தும் சரியாக இருந்தும், அந்தி சாய்ந்தபின் சில கோடுகள் விரைந்து ஏறி இறங்குவது உண்டு. இதற்குக் காரணம் அயனி மண்டலம். பகலில் சூரியக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற துகள்களை உண்டாக்குகின்றன. கதிரவன் மறைந்ததும், காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில், துகள் அடர்த்தி குறைந்த 'குமிழிகள்' மேலெழுகின்றன. அவற்றின் ஊடே வரும் ரேடியோ அலைகள், விண்மீன் ஒளி மினுங்குவது போல வலுவில் ஏறி இறங்குகின்றன. சிலபோது கருவி அவற்றை இழந்தும் விடுகிறது. சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இவ்விடையூறு மிகுதி.

திருவனந்தபுரம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. அதனாலேயே அந்நகரை அடுத்த தும்பா, ராக்கெட் ஏவுதளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டது. ஆய்வாளரை ஈர்த்த அதே வானம், இன்று விமானிக்கு எச்சரிக்கையும் தருகிறது.

அயனி மண்டலத்தால் விளையும் பிழையைத் திருத்த, இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் 'ககன்' என்னும் அமைப்பை உருவாக்கின. அதன் தரைநிலையங்களுள் ஒன்று திருவனந்தபுரத்தில் உள்ளது. தரைநிலையங்கள் பிழையை அளக்கின்றன. திருத்தம் செயற்கைக்கோள் வழியாக விமானங்களைச் சென்றடைகிறது. ஆயினும், முற்றிலும் மறைந்துபோன சமிக்ஞையை எத்திருத்தத்தாலும் மீட்க இயலாது.

ஆகவே, நடுவானில் சமிக்ஞை மறைந்தால் விமானியின் முதற்கடமை கருவியைச் சீராக்குவது அன்று. விமானத்தைப் பாதுகாப்பான உயரத்தில் செலுத்துவதே. திசைகாட்டியும் உயரமானியும் வரைபடமும் அப்போது கைகொடுக்கும். கருவி துணையே, விழிப்பே காவல்.

பொருள் அறிக
நலிவித்தல் – வலுவைக் குறைத்தல்
ஐயுறல் – சந்தேகித்தல்
ஊடே – நடுவே

விடை எழுதுக
1. மூடுபனியில் இயங்கும் கருவி பள்ளத்தாக்கில் தடுமாறுவது ஏன்?
2. திரையின் கோடுகளைக் கொண்டு குறையை எவ்வாறு அறியலாம்?
3. தும்பா ஏவுதளத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம் யாது?
4. 'கருவி துணையே, விழிப்பே காவல்' – உம் சொற்களில் விளக்குக.