கட்டாக்காலி நாய்க்கு ஒரு வளவு

மன்னாரின் வங்காலைக்குப் பூநாரை வந்தால் கமராக்களும் வரும். 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்ட இடம் அது. கூட்டம் சேர்வதில் வியப்பில்லை. ஆனால் மன்னார்க் கரையில் நாய்க்கு முதலில் அஞ்ச வேண்டிய பறவை பூநாரை அல்ல, கைக்குள் அடங்கும் ஹனுமான் உப்புக்கொத்தி. 2023இல் தனி இனமென உறுதிசெய்யப்பட்ட இது, வெறுந்தரையில் சிறு குழி பறித்து, மணல் நிறத்தில் கரும்புள்ளி தெளித்த முட்டைகளை இடும். மனிதக் கண்ணை ஏய்க்கும் அந்த நிறம் நாயின் மூக்கை ஏய்க்காது. பொரித்த குஞ்சு விரைவிலேயே ஓடத் தொடங்கிவிடும்; பறக்கவோ வாரங்கள் ஆகும். ஆகவே கட்டாக்காலி நாய் ஒன்றுக்கு வேலியடைத்த வளவும் வேளைக்குச் சோறும் கிடைப்பது பறவைப் பாதுகாப்பும்தான் என்பேன்.

நாய்களைப் பிடித்துக் கொன்றால் போதாதா என்பார்கள். இலங்கை அதைப் பல தசாப்தங்கள் செய்து பார்த்து, 2006இல் கைவிட்டது. மீன்வாடியடியில் கழிவு கிடக்கும்வரை, காலியான இடத்துக்கு அடுத்த நாய் வந்துவிடும். கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் மெதுவான வழிதான், ஆனால் நிலைக்கும் வழி. காற்றாலைகளை விட்டுவிட்டு நாயைக் குறைசொல்வதா என்ற கேள்வி கனமானது. 2020இல் 30 கோபுரங்களுடன் தொடங்கிய மன்னாரின் தம்பபவனி காற்றாலை, பறவைகளின் வலசைப் பாதையில்தான் நிற்கிறது. அதைப் பற்றி வாதாட வேண்டியதுதான். ஆனால் கோபுரத்துக்குக் கொழும்பு மனம்வைக்க வேண்டும், நாயைக் கட்ட வீட்டுக்காரர் போதும். வயிறு நிறைந்த நாயும் குஞ்சைத் துரத்தும் என்பதால், தத்தெடுத்தவர் முட்டையிடும் காலத்தில் அதைக் கரைக்குக் கூட்டிப்போனால் கயிற்றை விடக்கூடாது.