வரத்துக்கால் அடைபட்டால் கண்மாய் நிறையாது

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே நிற்கும் மலைத்தொடர் ஓர் ஓட்டுக் கூரை போன்றது. முகட்டுக்கு அப்பால், வருசநாட்டுப் பக்கம் விழும் மழை வைகையாகித் தேனி மாவட்டத்தைச் சுற்றி மதுரைக்குச் செல்கிறது. இப்பால் விழும் மழை வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரங்களில் ஓடைகளாக இறங்கி, அர்ச்சுனா நதியிலும் வைப்பாற்றிலும் சேர்கிறது. இவ்விரண்டும் சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில் கூடி, மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகின்றன.

வைகைக்காவது 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் துணைக்கு வருகிறது. இப்பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. (பிளவக்கல்லில் உள்ள பெரியாறு அணைக்குப் பெயர்தான் ஒன்று, ஆறு வேறு.) பிளவக்கல் போன்ற சிறிய அணைகள் நீங்கலாக, மலையில் விழுவதைத் தேக்கி வைப்பவை கண்மாய்களே. மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில நாட்களில் தண்ணீர் கண்மாய்க்குள் வந்து சேர வேண்டும்.

கண்மாய் வறண்டால் "தூர் வாரவில்லை" என்பதே முதல் குறையாகச் சொல்லப்படுகிறது. இதில் பாதிதான் உண்மை. 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயை ஓர் அடி ஆழப்படுத்த ஏறக்குறைய 1 லட்சத்து 23 ஆயிரம் கன மீட்டர் மண் எடுக்க வேண்டும். டிராக்டர் லோடு 3 கன மீட்டர் என்றால் 41,000 லோடு! மேலும், மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மடை வழியே வயலுக்கு ஏறாது. அதனால் கிணறுகளுக்கு ஊற்று கிடைக்கலாம், ஆயக்கட்டுக்குப் பயனில்லை.

வரத்துக்காலின் கணக்கு வேறு. ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் ஒரு லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வருவதாக வைத்துக்கொண்டாலும், 500 ஏக்கர் நீர்ப்பிடிப்பிலிருந்து ஒரே மழையில் ஒரு கோடி லிட்டர் வர வேண்டும். கால் ஓரிடத்தில் அடைபட்டிருந்தால் இத்தனையும் வழிமாறிப் போய்விடும். அந்த அடைப்பை நீக்கச் சில நாள் வேலை போதும்.

ஆகவே புரட்டாசிக்கு முன்பே ஆயக்கட்டுதாரர்கள் சேர்ந்து, கண்மாய் உள்வாயிலிருந்து மேல்நோக்கி ஓடை நெடுக நடந்து பார்த்தல் வேண்டும். சீமைக்கருவேல் அடைத்த இடம், வரப்பை நகர்த்திக் காலை ஒடுக்கிய இடம், மணல் அள்ளி ஓடை தாழ்ந்து, கால் மேடாகிவிட்ட இடம் ஆகியவை கண்ணில் படும். திருமங்கலம்–இராஜபாளையம் நெடுஞ்சாலை, மலையிலிருந்து கிழக்கே இறங்கும் ஓடைகளுக்குக் குறுக்கே செல்கிறது; அதன் சிறுபாலங்களின் அடியில் மண்ணும் குப்பையும் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கால் புறம்போக்கின் அகலம் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள படத்திலும் பதிவேட்டிலும் இருக்கும். கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. எனினும் பக்கத்து நிலத்துக்காரரிடம் படத்தைக் காட்டிப் பேசுவதே முதல் வழி.

இன்னொரு விஷயம், கசப்பானது. கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாயின் மறுகால் தண்ணீரே கீழ்க் கண்மாயின் வரத்து. கூடுதலாகத் தேக்கும் ஆசையில் மறுகாலில் மணல் மூட்டை அடுக்கினால் கீழூர் காய்வது மட்டுமல்ல, உள்வாய்ப் பட்டா நிலங்கள் மூழ்கும். பெருமழையில் கரையே உடையும். கடைசிக் கண்மாய்க்காரர் சண்டைக்கு வருவது நியாயமே. இரண்டு ஊர் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் மழைக்கு முன்பே மறுகால் மட்டத்தைச் சேர்ந்து பார்த்துக்கொள்வது நல்லது.

தூர் வாரவே கூடாது என்பதல்ல. மலையடிவாரச் செம்மண் புஞ்சைக்குக் கண்மாய்க் கரம்பை அருமையான மருந்து; ஈரத்தையும் உரத்தையும் பிடித்து வைக்கும். நல்ல களிவண்டல் கரைப்பக்கத் தாழ்விடத்திலும், பருமணல் வரத்து வாய்ப்பக்கத்திலும் படியும். ஆனால் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக்கூடாது. மேலாகச் சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். வண்டலை இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கும் முறை 2024இல் வந்தது. கோடையில் கண்மாய் காய்ந்ததும் விண்ணப்பித்தால், ஆடிப்பட்ட உழவுக்கு முன் கரம்பையை நிலத்தில் பரப்பிவிடலாம்.