பழைய உடுப்புக்கடை: சாமான் சும்மா வரலாம், வாடகை சும்மா வராது



சிறுதொழில் பற்றிய உரைக்குப் பிறகு என்னிடம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றுதான். "பழைய உடுப்பைச் சனம் சும்மா தருகுது. கடை போட்டால் வாறதெல்லாம் இலாபம்தானே?" கேட்டவர்களில் சிலர் வீட்டை மறுபடி அடைமானம் வைக்கும் யோசனையில் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் றிச்மண்ட் ஹில்லில், யங் வீதிப் பக்கம் ஒரு சின்னப் பிளாசாவில் இந்தத் தொழிலைத்தான் செய்கிறேன். அதற்கு முன் ஸ்காபரோவில் நன்கொடை உடுப்புகளைத் தரம்பிரிக்கும் வேலையில் பல வருடம் நின்றவள்.

ரொறன்ரோ வட்டாரத்தில் குட்வில் என்ற தொண்டு நிறுவனம் 2016 ஜனவரியில் தன் 16 கடைகளையும் ஒரேயடியாக மூடியது. மலைமலையாக இலவச உடுப்பு வந்து குவிந்த இடம் அது. கையில் புழங்கக் காசில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். சாமானுக்கு விலை இல்லாவிட்டாலும் அதைத் தூக்க, பிரிக்க, தொங்கவிட, விலைச்சீட்டு ஒட்ட ஆள் வேண்டும், வைக்க இடம் வேண்டும். காசு போகிற வழி அதுதான்.

ஒரு பையை அவிழ்த்துப் பாருங்கள். கழுத்து இழுபட்ட ரீசேட், திரணை திரணையாக நூல் எழும்பிய கம்பளிச் சட்டை, சிப் போன ஜாக்கெற். என் அனுபவத்தில் கால்வாசிகூடக் கடையில் தொங்கத் தேறாது. பெரிய நிறுவனங்கள் மிச்சத்தைப் பொதி கட்டி எடைக்கு விற்றுவிடும். குஜராத்தின் கண்ட்லாவில் மேற்கு நாட்டுப் பழைய உடுப்பைப் பிரிக்கும் தொழிற்கூடங்கள் இருக்கின்றன. கம்பளிக் கந்தல் அரியானாவின் பானிப்பட்டில் மறுபடி நூலாகிப் போர்வையாகிறது. சிறுகடைக்காரருக்கு அந்த வழி கிடையாது, பொதி கட்டும் அளவுக்குச் சேராது. ஆகவே வாசலில் பை பையாக இறக்கிவிட்டுப் போக யாரையும் விடாதீர்கள். ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, வேண்டாததை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். முகம் கோணத்தான் செய்யும்.

"ஆரோ உடுத்துக் கழித்ததை நாங்கள் உடுப்பதா?" என்ற கேள்வியும் வரும். கோடி உடுத்தாமல் தீபாவளி இல்லை என்று வளர்ந்த சனம் நாங்கள். ஆனால் எண்பதுகளில் வந்து இறங்கியவர்களிடம், முதல் குளிர் ஜாக்கெற் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சல்வேஷன் ஆமி, தேவாலய நிலவறை என்று மெல்லிய குரலில் பதில் வரும். அதற்கும் முன்னால், அம்மம்மாவின் நைந்த சேலையில்தானே எங்களுக்கு ஏணை கட்டினார்கள்? கானாவில் பழைய உடுப்புக்குச் 'செத்த வெள்ளைக்காரரின் உடுப்பு' என்று பொருள்படும் பெயரே இருக்கிறது. அப்படியும் அதன் தலைநகர் அக்ராவில் கண்டமன்ரோ என்ற பெருஞ்சந்தை முழுக்க அந்த வியாபாரம்தான்.

ரீசேட்டும் ஜீன்சும் விற்று வல்யூ வில்லேஜோடு போட்டி போட எங்களால் முடியாது. அவர்களிடம் இல்லாதது எங்கள் அலுமாரிகளில் இருக்கிறது. கலியாணவீட்டுக்கு ஒருமுறை உடுத்து மடித்து வைத்த பட்டுச்சேலை. சாமத்தியவீட்டுக்குத் தைத்து, அடுத்த வருடமே பிள்ளைக்குச் சிறுத்துப் போன பாவாடை தாவணி. அரங்கேற்ற உடுப்பு. இந்தக் கடைசியை நான் விசேடமாகச் சொல்வேன். சென்னையில் அளவு கொடுத்துத் தைப்பித்த நடன உடுப்பின் தையல்களுக்குள் பெரும்பாலும் மிச்சத்துணி விட்டிருப்பார்கள். பிரித்துத் தைத்தால் இன்னொரு பிள்ளைக்குச் சரிவரும். புதிதுக்கு வழியில்லாத தாய்மார் அதைத் தேடி வருகிறார்கள். சேலையோடு வரும் சட்டை மட்டும் அடுத்தவருக்கு அளவாக வராது. அதனால் பக்கத்தில் ஒரு தையல் மெசின் இருப்பது பாதி வியாபாரம். ஒன்று: கூறைச்சேலையை விற்கத் தருகிறீர்களா என்று நீங்களாக யாரிடமும் கேட்காதீர்கள். தரவேண்டியவர் தானாகவே கொண்டுவருவார், ஏன் என்றும் கேட்க வேண்டாம்.

இவற்றைக் காசு கொடுத்து வாங்கி அடுக்காமல், விற்றுத்தரும் முறையில் எடுப்பதே நல்லது. விற்றால் பாதி அவருக்கு, பாதி கடைக்கு. எத்தனை நாள் வைத்திருப்பது, எப்போது விலை குறைப்பது, விற்காவிட்டால் எப்போது வந்து எடுப்பது, கறை பட்டால் யார் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வையுங்கள். சொந்தக்காரர் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

மூட்டைப்பூச்சி ஒருதரம் கடைக்குள் வந்தால் கடை கதை முடிந்தது. பருத்தி, கம்பளிக்கலப்பு எதுவானாலும் சூடு தாங்குமென்றால் உலர்த்தியில் கூடிய சூட்டில் அரை மணிநேரம் போடுங்கள். பட்டையும் சரிகையையும் அப்படிச் செய்ய முடியாது. பையில் கட்டி, பாகை 18 சைபருக்குக் கீழே உள்ள உறைபெட்டியில் நான்கு நாள் வையுங்கள்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் முழுப்பெயர் அல்லாத பெயரில் கடை நடத்தினால் ஒன்ராறியோவில் பதிய வேண்டும்; கட்டணம் 60 டொலர், ஐந்து வருடத்துக்கு. தொடர்ந்த நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. பதிவு கட்டாயம். பழையது என்பதற்காக 13 வீத வரி குறையாது. பிள்ளைகளின் உடுப்புக்கு 5 வீதம் மட்டும் அறவிட்டால் போதும், ஆனால் வேட உடைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. நடன உடுப்பு எதில் அடங்கும் என்பதைக் கணக்காளரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். பிள்ளைகளின் இரவு உடுப்புக்குத் தீப்பற்றும் தன்மை பற்றிய விதிகள் உண்டு, அவை பழைய உடுப்புக்கும் பொருந்தும். உடுப்போடு குழந்தை 'வோக்கர்' வந்தால் வாங்கவே வேண்டாம். கனடாவில் 2004 ஏப்ரலிலிருந்து, பழையதானாலும் அதை விற்கத் தடை.

இனி வாடகை. சதுர அடிக்கு வருடம் 30 டொலர் என்று சொன்னால் மலிவாகக் கேட்கும். அதன்மேல் ரி.எம்.ஐ. என்று வரி, பராமரிப்பு, காப்புறுதிப் பங்கு வரும். அது 15 டொலர் என்று வையுங்கள். ஆயிரம் சதுர அடிக் கடைக்கு மாதம் 3,750 டொலர், எச்.எஸ்.ரி. சேர்க்காமல். ஒரு சேலையில் உங்கள் பங்கு 20 டொலர் என்றால், வாடகைக்கு மட்டும் மாதம் 188 சேலை விற்க வேண்டும். ரொறன்ரோ முழுவதும் தமிழ்ச்சனம் இருந்தாலும் 188 பெரிய எண். அதனால்தான் நான் நானூறு சதுர அடியோடு நிற்கிறேன், அதிலும் பாதி தையலுக்கு.

வீட்டு வாடகைச் சட்டம் தரும் பாதுகாப்பு கடைக்கு இல்லை. வாடகைத் திகதி கழிந்து 15 நாள் காசு கட்டாவிட்டால், 16ஆம் நாள் பூட்டை மாற்றக் கட்டட உரிமையாளருக்கு ஒன்ராறியோச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீதிமன்றம் போகத் தேவையில்லை. உள்ளே தொங்குவது உங்களை நம்பி ஊரார் தந்த சேலைகள் என்பதை நினைத்துப் பாருங்கள். கம்பனியாகப் பதிந்தால் வீடு தப்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். லீசில் தனிப்பட்ட உத்தரவாதம் என்ற பக்கத்தில் கையொப்பம் வைத்தால் தப்பாது. அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் ஒரு வருட வாடகைக்கு மட்டும் என்று வரம்பு போடச் சொல்லுங்கள். உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞர் வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். அந்த இடத்தில் பழைய பொருட்கள் விற்க அனுமதி உண்டா, உரிமம் வேண்டுமா என்பதையும் லீசுக்கு முன்பே நகரசபையில் விசாரியுங்கள். ரொறன்ரோவின் விதி வேறு, றிச்மண்ட் ஹில்லின் விதி வேறு.

திறப்பதானால் மாசி, பங்குனி நல்லது. வைகாசிக் கலியாணங்களுக்கு முன் சேலைகள் சேர நேரம் கிடைக்கும். ஆடியில் திறந்தால் வாடகை மட்டும்தான் ஓடும்.

கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள், அடுத்த மடலில் பதில் தருகிறேன்.